பூஜையில் வைத்த பெட்டி

எங்கள் கிளினிக்கில் முன் பெஞ்சு எப்போதும் காலியாகத்தான் கிடக்கும். தெருவைப் பார்த்துப் போட்ட பெஞ்சு. மின்விசிறி அதற்கு நேர் மேலே ஓடுகிறது. ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரும் மருந்துக் கவுண்டரைத் தாண்டி உள்ளே போய், காற்றே வராத மூலையில் சுவரைப் பார்த்து உட்காருவார்கள். மனநல மருத்துவரிடம் வருகிறவர்களுக்கு வியாதியைவிடப் பெரிய பயம், தெருவில் போகிற எவனாவது பார்த்துவிடுவானோ என்பதுதான். பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது. பாதிப் பேர் அது வழியாகத்தான் வருவார்கள்.

நான் புஷ்பவள்ளி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் டாக்டர் ராஜமாணிக்கத்தின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். எனக்குக் கோபம் மூக்கின் மேலே இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். நாலு பேர் வந்துபோகிற இடத்தில் வாயில்லாப் பூச்சியை உட்கார வைத்தால் வரிசை நிற்குமா?

டாக்டருக்குக் காலையில் கடலூர், சாயங்காலம் சிதம்பரம். இரண்டு ஊரிலும் கிளினிக் உண்டு. இதில் ஒரு கூத்து இருக்கிறது. சிதம்பரத்துக்காரர்கள் யாரும் சிதம்பரம் கிளினிக்குக்குப் போவதில்லை. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களாம். அதனால் பஸ் ஏறிக் கடலூர் வருவார்கள். கடலூர்க்காரர்கள் அதே காரணத்துக்காகச் சிதம்பரம் போவார்கள். மத்தியானத்தில் அந்தக் கூட்டம் ஊர் திரும்ப, இந்தக் கூட்டம் டாக்டரைப் பார்க்க, இரண்டும் புதுச்சத்திரம் வழியாக ஒரே பஸ்ஸில்தான் தினமும் போயிருக்கும். எனக்கு நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பயத்தைக் கேலி செய்ய மனம் வராது. பெண் பார்க்க வந்தவர்கள் பாதியில் எழுந்துபோனதை, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதை எல்லாம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவள் நான்.

ஒருவர் எந்த ஊரில் வந்தாலும் அவருடைய குறிப்பு டாக்டருக்குக் கிடைக்க வேண்டும் அல்லவா? எல்லாக் குறிப்பும் கடலூரில் என் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. டாக்டர் சிதம்பரத்தில் உட்கார்ந்து தன் லேப்டாப்பைத் திறந்தால், இங்கே இருக்கும் திரை அப்படியே அங்கே தெரியும். ரிமோட் டெஸ்க்டாப் என்பார்கள். அவர் அங்கே மவுஸை நகர்த்தினால் இங்கே அம்பு தானாக நகரும். முதல் தடவை பார்த்தபோது நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். பிறகு பழகிப்போனது.

வெண்மதியை நான் முதலில் பார்த்தது அந்த இருட்டு மூலையில்தான். குறிஞ்சிப்பாடி பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்தவள். சிதம்பரம் தெற்கு வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஸ்ரீதருக்கு வாழ்க்கைப்பட்டவள். துப்பட்டாவால் கண்ணைத் தவிர மீதி முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். வீட்டில் அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இதையெல்லாம் வெண்மதியே எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன். மற்றபடி என் வாயிலிருந்து ஒரு பேஷண்டின் பேர் வெளியே வராது.

அவளுக்கு வந்திருந்தது சரிபார்க்கிற வியாதி. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா, அயர்ன் பாக்ஸைப் பிடுங்கினோமா என்று மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் பார்த்தது நிஜம்தானா என்று சந்தேகம் வரும். கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் பாதி பஸ்ஸில் இறங்கித் திரும்பியிருக்கிறாள். மாமியார் வீட்டில் ஞாபகமறதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். “அப்புடியே நெனச்சுக்கட்டும்க்கா. நான் இங்க வர்றது தெரிஞ்சா என்னைப் பைத்தியம்னு முடிவு பண்ணிடுவாங்க. அவுரு மூஞ்சில நான் எப்புடி முழிக்கிறது?” என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பயம் மட்டும் அவளுக்கு எந்த மருந்திலும் குறையவில்லை.

ஒருநாள் டோக்கனுக்காகக் காத்திருந்தவள் என் மேஜைப் பக்கம் வந்து நின்றாள். டாக்டர் உள் அறையிலும் அதே லேப்டாப்பில்தான் பார்ப்பார் என்பதால், திரையில் அவருடைய அம்பு நகர்ந்துகொண்டிருந்தது. சிதம்பரத்திலிருந்தும் இப்படித்தான் திறப்பார் என்றேன். திரையின் ஓரத்தில் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தோம். டாக்டருடைய பேரும் அவர் பிறந்த வருஷமும்தான் அது. அதைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போனது.

“அக்கா, இது எது வழியா வருது? நேரா திறந்து வெச்சிருக்கீங்களா?”

எனக்கு என்ன தெரியும்? “ஒயரு வழியாத்தான்” என்றேன்.

உள்ளே போனவள் தன் வியாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கம்ப்யூட்டரைப் பற்றியே பேசியிருக்கிறாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுவும் ஒன்னோட பயத்துல ஒண்ணுதாம்மா” என்றாராம். அவள் விடவில்லை. வெளியே வந்து, அவர் பார்க்கவே ரவுட்டரின் பதிவைத் திறந்து காட்டினாள். வரி வரியாக எண்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆட்கள் எங்கள் கம்ப்யூட்டரின் கதவை ராப்பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எங்களைத் தேடி வந்தவர்கள் இல்லையாம். தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிற ஆட்களாம். டாக்டர் வெகுநேரம் அந்த வரிகளைப் பார்த்தார். அடுத்த வாரம் வெண்மதிக்கு இங்கேயே வேலை போட்டுக் கொடுத்தார். வீட்டில் அவள் வேலை கிடைத்ததை மட்டும் சொன்னாள்.

அவள் செய்த முதல் காரியம் ஒரு பெட்டியை வைத்தது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும், ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு. ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அதைச் செருகினாள். இனிமேல் அந்தப் பெட்டியைத் தாண்டாமல் யாரும் உள்ளே வர முடியாது. டனல் என்று ஏதோ சொன்னாள். டாக்டருக்கும் எனக்கும் சேர்த்து அவள் விளக்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“இதுவரைக்கும் நீங்க எழுதினது எலையில வெச்ச சோறு மாதிரி பஸ்ல போச்சு சார். போறவன் வர்றவன் எல்லாம் என்ன கொழம்புன்னு எட்டிப் பாக்கலாம். இனிமே மூடி போட்டுப் பூட்டின கேரியர்ல போவும். நடுவுல யாரு பாத்தாலும் ஒண்ணும் புரியாது. பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் பத்தாது, சாவி வேணும். சாவி ஒங்க லேப்டாப்ல ஒண்ணு, என் லேப்டாப்ல ஒண்ணு. மூணாவது ஆளுக்குக் கெடையாது.”

அதற்குப் பிறகு அவளுடைய பயம் முழுக்க அந்தப் பச்சை விளக்குக்குக் குடிவந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனவள் ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்து விளக்கு எரிகிறதா என்று பார்ப்பாள். வீட்டிலிருந்து போன் செய்வாள். “அக்கா, பச்சை லைட்டு எரியுதா?” நான் எரிகிறது என்பேன். வைத்த உடனே மறுபடி மணி அடிக்கும்.

டாக்டர் இதற்கு ஒரு பயிற்சி கொடுத்தார். “ஒரு தடவை பாரு. நல்லா பாரு. ரெண்டாவது தடவை பாக்கணும்னு மனசு அடிச்சுக்கும். அடிச்சுக்கட்டும். பாக்காத. பயம் வரும், ஏறும், அப்பறம் தானா எறங்கும். பயம் சொல்றத நம்பி எந்தக் காரியமும் செய்யக் கூடாது.” எனக்கும் உத்தரவு வந்தது. அவள் கேட்டால் நான் பதில் சொல்லக் கூடாது. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். ஒருத்தி போனில் குரல் நடுங்கக் கேட்கிறாள், இரண்டடி தள்ளி விளக்கு பளிச்சென்று எரிகிறது, “டாக்டரு சொல்லக் கூடாதுன்னுட்டாருடி” என்று போனை வைக்க வேண்டும். டாக்டரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போன் குறைந்தது. அவளும் சாப்பிட்டு, சிரித்து, ஆளாகிக்கொண்டு வந்தாள்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

டாக்டர் சம்சாரம் ஞானாம்பாள் அம்மா வருஷத்தில் அந்த ஒரு பூஜைக்கு மட்டும்தான் கிளினிக் பக்கம் வருவார்கள். வந்தால் தூசு தும்பு இருக்கக் கூடாது. மறுநாள் காலையில் நல்ல நேரம் சீக்கிரமே முடிகிறது என்று, முந்தின நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து வாழை இலையில் அடுக்கச் சொன்னார்கள். ஸ்டெதஸ்கோப், பிரஷர் பார்க்கிற கருவி, மருந்துக் கவுண்டர் சின்னையனின் கத்திரிக்கோல், என் டோக்கன் வில்லைகள், எல்லாம் இலைக்கு வந்தன. கம்ப்யூட்டரைத் தூக்க முடியாது என்பதால் திரையில் சரஸ்வதி படத்தை வைத்து, சட்டத்துக்கு மல்லிகைச் சரம் சுற்றினோம். அம்மா அந்தச் சின்னப் பெட்டியைக் காட்டி, “இது என்னம்மா?” என்று கேட்டார்கள்.

வெண்மதி பெருமையாகச் சொன்னாள். “அதுதாம்மா நம்ம காவக்காரன்.”

“அப்புடின்னா அதுதான் மொதல்ல பூஜைல இருக்கணும். எடுத்துட்டு வா.”

வெண்மதி ஒரு நிமிஷம் தயங்கினாள். டாக்டர் அன்றைக்குச் சிதம்பரத்தில் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி இல்லாவிட்டால் அவரால் குறிப்புகளைத் திறக்க முடியாது. ஆனால் அந்த அம்மாவிடம் யார் பேசுவது? பூஜைக்குக் கேட்டதை இல்லை என்று சொல்கிற வழக்கம் நம் பக்கம் ஏது? பெட்டியைத் தன் கையாலேயே பிடுங்கிக் கொடுத்தாள். அது சந்தனப் பொட்டோடு இலையின் நடுவில் போய் உட்கார்ந்தது. இனி மறுபூஜை வரைக்கும் யாரும் தொடக் கூடாது.

டாக்டருக்காக அவள் ரவுட்டரில் பழைய நேர்வழியைத் திறந்துவிட்டாள். பாஸ்வேர்டும் பழையதுதான், பெட்டி இருக்கிறதே என்று யாரும் மாற்றவில்லை. அவர் வேலை முடிகிற நேரத்துக்கு அந்த வழி தானாக மூடிக்கொள்ளும்படி வைத்தாள். ஒரு தடவை சரிபார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கதவருகே அவள் கால் ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். திரும்பவில்லை. போய்விட்டாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மஞ்சக்குப்பத்தில் கரண்ட் போய் வந்தது. எங்கள் ஊரில் அது ஒரு சேதியா? எங்களுக்கு அது பெரிதாகத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் வெண்மதி பட்டுப்புடவையும் பூவுமாக வந்து என் காதருகே சொன்னாள். “அக்கா, நேத்து ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. லேப்டாப்பத் தொறந்து அந்த வழி மூடிருச்சான்னு பாத்துடலாம்னு கையி பரபரன்னுச்சு. பாக்கல. டாக்டருக்கு மெசேஜ் போட்டேன், ரொம்ப சந்தோஷம்னு பதில் போட்டாரு.” நான் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தேன்.

பூஜைக்கு எல்லோரும் கூடத்தில் நின்றோம். டாக்டர் வேட்டி கட்டி அம்மா பக்கத்தில் நின்றார். அவர் லேப்டாப்பும் வெண்மதியின் லேப்டாப்பும் மூடியபடி இலையில் மஞ்சள் பூசிக் கிடந்தன. அம்மா கற்பூரத்தைக் காட்டினார்கள், சின்னையன் மணி அடித்தான். நான் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

சரஸ்வதியின் முகத்துக்குக் குறுக்கே அம்பு நகர்ந்தது.

முதலில் கற்பூரப் புகை என்று நினைத்தேன். இல்லை. அம்பு மெதுவாக வீணை மேல் இறங்கி நின்றது. மறுபடி நகர்ந்தது. ஞானாம்பாள் அம்மா ஒரு கையில் தட்டோடு, மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “தாயே, வந்துட்டியா!” என்றார்கள். சின்னையன் மணியை இன்னும் பலமாக அடித்தான்.

தினமும் பார்த்த நகர்வுதான். ஆனால் நகர்த்துகிறவர் அங்கே இருக்கும்போதுதான் இங்கே நகரும். உள்ளே வர முடிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இரண்டு பேரும் என் கைக்கெட்டுகிற தூரத்தில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

நான் வெண்மதியைப் பார்த்தேன். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அசையவில்லை. உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். எனக்குப் புரிந்துபோனது. பயம் வரும், ஏறும், இறங்கும், அதை நம்பிக் காரியம் செய்யாதே என்று டாக்டர் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவள் அந்த இடத்தில் செய்துகொண்டிருந்தாள். தன் கண்ணையே அவள் நம்பவில்லை. இத்தனை வருஷமாக அவளிடம் பொய் சொன்ன பயம்தான் இப்போதும் பொய் சொல்கிறது என்று நினைத்துவிட்டாள்.

சரஸ்வதி படம் சுருங்கி மறைந்தது. குறிப்புகள் இருக்கும் புரோகிராம் திறந்தது. பேர்ப் பட்டியல் விரிந்தது. எனக்கு ஒவ்வொரு பேருக்கும் முகம் தெரியும். இருட்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்த அத்தனை பேரும் அந்த மல்லிகைச் சரத்துக்கு நடுவே வரிசையாக நின்றார்கள். அம்பு அவர்கள் மேல் மேலும் கீழுமாக ஊர்ந்தது.

வெண்மதி என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, அது ஒங்களுக்கும் தெரியுதா?”

டாக்டர் எனக்குப் போட்ட உத்தரவு ஒரு கணம் நாக்கைப் பிடித்தது. அவள் கேட்டால் சொல்லக் கூடாது. நான் டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உத்தரவாவது மண்ணாவது.

“தெரியுதுடி! எனக்கும் தெரியுது! ஓடு!”

அவ்வளவுதான். பாய்ந்தாள். இலையைத் தாண்டினாளா மிதித்தாளா தெரியாது, பொரியும் கடலையும் கூடம் முழுக்கச் சிதறின. குத்துவிளக்கு சாய்ந்தது, சின்னையன் பிடித்துக்கொண்டான். “பூஜைல வெச்சத மிதிக்கிறாளே!” என்று அம்மா அலறினார்கள். வெண்மதி மேஜைக்கு அடியில் புகுந்து ரவுட்டர் வயரைப் பிடித்து இழுத்தாள். வயரோடு சேர்ந்து சுவரில் இருந்த கிளிப்பும் பெயர்ந்து வந்தது.

அம்பு நின்றது.

திரை மட்டும் அப்படியே இருந்தது. பட்டியலில் மேலே இருந்த முதல் பேரை உள்ளே வந்தவன் திறந்திருந்தான். கடைசியாக எழுதிய குறிப்பு மேலே வரும்படிதான் அந்தப் புரோகிராம் வரிசைப்படுத்தும். நோயாளி பேசியது பேசிய மொழியிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் எப்போதும் தமிழில்தான் குறிப்பை அடிப்பார். பெரிய எழுத்தில் இருந்தது. கூடத்தில் நின்ற எல்லோராலும் படிக்க முடிந்தது.

வெண்மதி, க/பெ ஸ்ரீதர், தெற்கு வீதி, சிதம்பரம். இன்று ஒரு முறை மட்டுமே சரிபார்த்திருக்கிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல முன்னேற்றம்.

சின்னையன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவரை அவள் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பெண் என்றுதான் அவனுக்கும் அம்மாவுக்கும் தெரியும். மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தவள் திரையைப் பார்த்தாள். நான் பயந்தேன். அவள் ஒளித்து வைத்ததெல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருந்தது. புருஷன் பேர், தெரு, ஊர். எவனோ ஒருவன் அதைப் படித்துவிட்டான். இப்போது என்ன ஆவாளோ என்று பிடித்துக்கொள்ளப் போனேன்.

அவள் அப்படியே தரையில் பொரி மேல் உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“நல்லவேளைக்கா,” என்றாள். “என்னுதுதான். வேற யாருதும் இல்ல.”

கரண்ட் போய் வந்ததில் ரவுட்டருக்கு நேரம் தெரியாமல் போய்விட்டதாம். மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை. ராத்திரி முழுக்க வழி திறந்தே கிடந்திருக்கிறது, தட்டிப் பார்த்தவர்களில் ஒருவனுக்குப் பாஸ்வேர்டும் சிக்கிவிட்டது. அவள் அன்றைக்கு மட்டும் இன்னொரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காதே என்று சொன்னது டாக்டர்தானே.

ஞானாம்பாள் அம்மா இலையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தார்கள். முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தார்கள். “மறுபூஜைக்குக் காத்திருக்க வேணாம். சரஸ்வதி கோச்சுக்க மாட்டா. மாட்டுடி,” என்று வெண்மதியிடம் கொடுத்தார்கள். துடைத்தும் போகாத குங்குமத்தோடு பெட்டி தன் இடத்துக்குப் போனது. நேர்வழியை மூடி, பாஸ்வேர்டை மாற்றி, பச்சை விளக்கு எரிந்த பிறகு வெண்மதி உட்கார்ந்து பதிவுகளைப் பார்த்தாள். வந்தவன் பட்டியலைப் பார்த்திருக்கிறான். திறந்தது ஒன்றே ஒன்றைத்தான். எதையும் அள்ளிக்கொண்டு போன தடம் இல்லை. சைபர் கிரைமில் புகார் கொடுக்க வேண்டும், பட்டியலில் இருக்கிறவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றாள். ஏற்கெனவே பயந்து கிடக்கிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று டாக்டர் தயங்கினார். “மறைச்சா இன்னும் பயப்படுவாங்க சார். எனக்குத் தெரியாதா?” என்றாள். அவர் ஒவ்வொருவரிடமும் தானே சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே போவார், வெளியே வருவார்.

“வெண்மதி, வேற எதையும் தொறக்கலன்னு நல்லா பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

உள்ளே போய் உடனே திரும்பி வந்தார். “அந்த வழி மூடியிருக்கா? இன்னொரு தடவை பாத்துடேன்.”

“ஒரு தடவை நல்லா பாத்துட்டேன் சார். போதும்.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வியாதியைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்தவர் அதை உடம்பில் உணர்ந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். அந்த முகம் தெரியாதவன் நாளைக்கே அவள் பக்கத்தை எங்கேயாவது போடலாம். வாட்ஸ்ஆப்பில் தெற்கு வீதிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அவன் சொல்வதற்குள் இவள் சொல்ல வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு, “பக்கத்துல ஒக்காருங்கக்கா” என்றாள். உட்கார்ந்தேன். ஸ்ரீதர் எடுத்தான். இரைச்சலுக்கு நடுவே அவன் கத்திப் பேசியது எனக்கும் கேட்டது. அங்கேயும் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பூஜை நடந்துகொண்டிருந்தது போல.

“நான் இங்க வேலைக்கு மட்டும் வரலங்க. அதுக்கு முன்னாடி பேஷண்ட்டாதான் வந்தேன். இப்பவும் வைத்தியம் பாத்துக்கறேன்.” அத்தனையையும் சொன்னாள். எவனோ படித்துவிட்டதையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் இரைச்சல் குறைந்தது, அவன் கடைக்கு வெளியே வந்திருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“டாக்டரு, அவுங்க வீட்டம்மா, புஷ்பவள்ளி அக்கா, சின்னையன் அண்ணன். இப்ப நீங்க.” திரையை ஒரு தடவை பார்த்தாள். “அப்பறம் யாருன்னே தெரியாத ஒருத்தன்.”

போன் வைக்கப்பட்டது. அவன் வைத்தானா, இவள் வைத்தாளா, எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவளைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். பச்சை விளக்கைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடித்துக் கிளினிக்கைத் திறந்தோம். வெண்மதி வந்தாள். பின்னாலேயே ஸ்ரீதரும் வந்தான். அழுத முகமா, சண்டை போட்ட முகமா என்று இரண்டு பேரையும் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. வெண்மதி நேராகக் கம்ப்யூட்டரிடம் போனாள். ஸ்ரீதர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். இருட்டு மூலையைப் பார்த்தான். பிறகு முன் பெஞ்சில் போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்தான். வேலையை விடச் சொல்ல வந்திருக்கிறான் என்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்கதவு வழியாகச் சிதம்பரத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். தெற்கு வீதிக்காரர். அவர் பேர் எதற்கு? தலையைக் குனிந்துகொண்டு மூலைக்குப் போனவர், நிமிர்ந்தபோது பெஞ்சில் இருந்த ஸ்ரீதரைப் பார்த்துவிட்டார். அப்படியே நின்றுவிட்டார். திரும்பி ஓடவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஸ்ரீதரும் அவரைப் பார்த்துவிட்டான். வெண்மதியின் கை மவுஸின் மேல் நின்றது.

“என்னப்பா ஸ்ரீதரு,” என்றார் பெரியவர். “நீ எங்க இங்க?”

ஸ்ரீதர் எழுந்து நின்றான். காது சிவந்திருந்தது. அவனுக்கும் பயம்தான், அது நன்றாகத் தெரிந்தது. ஒரு தடவை வெண்மதியைத் திரும்பிப் பார்த்தான்.

“வெண்மதிக்கு இங்கதான் வைத்தியம் மாமா,” என்றான். “நல்ல டாக்டரு. இங்க வந்து ஒக்காருங்க, காத்து வருது.”

பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றார். தெருவைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து முன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் அவருக்கு ஒரு டோக்கனை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதில் ஆயுத பூஜைச் சந்தனம் இன்னும் உதிராமல் ஒட்டியிருந்தது.